கவனக் குறைவு யாருக்கு?

மனோவியாதியால் அவதியுறும் எவரும் சர்க்கார் நடத்தும் ஸ்தாபனங்களிலும் சர்க்கார் பணத்தால் நடக்கும் ஸ்தாபனங்களிலும் சிகிச்சை பெற உரிமையுடையவர் என்று 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு கூறுகிறது. அச்சிகிச்சை தாங்கக்கூடிய செலவில், தேவையான அளவில், வசிக்கும் இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டுமென்றும் அப்பிரிவே விவரிக்கிறது. சட்டம் 2018 மே 29-ந் தேதி அமலுக்கு வந்தது. ஏட்டிலுள்ள இவ்வுரிமை நாட்டில் எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதை அறிய ஒரே ஒரு வியாதியை உரைகல்லாக எடுத்துக்கொள்வோம். வயது வந்தவர்களிடம் காணப்படும் கவனக் குறைவுக் கோளாறுதான் அது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் வழங்குவது இதையே.

இப்பெயரைக் கேட்டவுடன் சிலர் நகைக்கக்கூடும். "சோம்பலுக்கும் மறதிக்கும் ஒரு வியாதிப் பெயரா? நம் பாட்டன்மார் காலத்தில் இது எங்கே இருந்தது?" என்று கேட்பார்கள். பாட்டன்மார் காலத்திலும் இருந்தது. அவர்களுடைய பாட்டன்மார் காலத்திலும் இருந்தது. 1798-ம் வருஷத்திலேயே அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர், ஒரு பொருளில் மனத்தை நிலைநிறுத்த இயலாத நிலையைப் பற்றித் தமது நூலில் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். 1902-ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற லண்டன் டாக்டர், குழந்தைகளிடம் தாம் கண்ட இத்தகைய கோளாறுகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். வயது ஏறினால் தானே தீர்ந்துவிடும் என்று வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. பலருக்கு அது தீருவதில்லை என்பது பிறகு தெளிவாயிற்று. 2013-ல் அமெரிக்க மனோவைத்திய சங்கத்தார் வெளியிட்ட இலக்கண நூலின் ஐந்தாம் பதிப்பில், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கென்றே தனி அளவு வகுத்தார்கள். குறிகளின் எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருந்தாலும் போதும். ஆனால் அவற்றில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருக்க வேண்டும் என்பது அந்த அளவு. ஆகவே நேற்று வந்த மறதிக்கும் கைப்பேசியால் வந்த சலனத்துக்கும் இப்பெயரைச் சூட்ட இடமில்லை.

2021-ல் பல தேசங்களின் ஆராய்ச்சிகளை ஒன்று திரட்டிக் கணக்கிட்டவர்கள், குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து வரும் இக்கோளாறு வயது வந்தவர்களில் நூற்றுக்கு 2.58 பேரிடம் இருப்பதாக மதிப்பிட்டார்கள். இது நம் நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் வாதிக்கவில்லை. அதில் பாதியே என்று வைத்துக்கொண்டாலும், தமிழ்நாட்டில் மட்டும் பல லட்சம் பேர் இதில் அடங்குவார்கள். இவர்கள் யார்? எத்தனை கண்டிக்கப்பட்டாலும் கோப்பை முடிக்க இயலாத குமாஸ்தா. பரீட்சைப் பணம் கட்டும் கடைசி நாளை ஆண்டுதோறும் தவறவிடும் வாலிபன். மூன்று உத்தியோகம் மாறி நான்காவதையும் இழக்கும் நிலையிலுள்ள குடும்பஸ்தன். அடுப்பில் பாலை வைத்து மறந்ததற்காக வீடு முழுவதும் வசை கேட்கும் பெண். பெண்களின் கதி இன்னும் பரிதாபமானது. ஓடியாடிக் குழப்பம் செய்யும் பையனையாவது பள்ளிக்கூடத்தில் கவனிக்கிறார்கள். மூலையில் உட்கார்ந்து கனாக் காணும் பெண் குழந்தையை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை.

இது வெறும் அசௌகரியமென்று தள்ளிவிடக்கூடிய விஷயமுமல்ல. பிரிட்டனில் இவ்வியாதி இருப்பதாகக் கண்டறியப்பட்ட வயது வந்தவர்களின் ஆயுளை மற்றவர்களின் ஆயுளோடு ஒப்பிட்டு 2025-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆண்களுக்கு ஏறக்குறைய 7 வருஷமும் பெண்களுக்கு ஏறக்குறைய 9 வருஷமும் ஆயுள் குறைவு என்பது அதன் முடிவு. இந்த வியாதி நேரே உயிரை வாங்குவதில்லை. அதை ஒட்டி வரும் புகைப் பழக்கம், குடி, விபத்து, மனச்சோர்வு, தற்கொலை ஆகியவை வாங்குகின்றன.

மருந்தில்லாத வியாதியாக இருந்தால் விதியை நொந்து சும்மா இருக்கலாம். மருந்தோ இருக்கிறது. மெதில்பெனிடேட் என்ற மருந்தை 1944-ல் ஸ்விட்ஸர்லாந்தில் தயாரித்தார்கள். எண்பது வருஷமாக உலகத்தாருக்குத் தெரிந்த மருந்து அது. நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து, அளவறிந்து கொடுத்தால் பெரும்பாலோருக்குக் குணம் தெரிகிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அடோமாக்ஸிடின் என்ற வேறொரு மருந்து உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருந்தோடு மனப் பயிற்சியும் வேண்டும். ஸ்வீடனில் 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, மருந்து உட்கொண்ட காலத்தில் இவ்வியாதியுள்ள ஆண்கள் கடுமையான சாலை விபத்துக்களில் சிக்குவது வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டுச் சாலைகளின் நிலையை அறிந்தவர்களுக்கு இதன் முக்கியத்துவத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? முதல் தடை டாக்டர்களின் பஞ்சம். நம் தேசத்தில் லட்சம் பேருக்கு ஒரு மனோவைத்தியர்கூட இல்லை. முக்கால் பேர்தான் என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் நடத்திய தேசிய மனநல விசாரணையில், பல்வேறு மனோவியாதியஸ்தர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றி இருப்பது தெரியவந்தது. இருக்கும் டாக்டர்களும் பெரும்பாலும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களிலும் வயது வந்தவர்களின் கவனக் கோளாற்றில் பழக்கமுள்ளவர்கள் சிலரே.

இரண்டாவது தடை இந்த வியாதியின் தன்மையிலேயே அமைந்தது. கிராமவாசி ஒருவர் தமக்கு இது இருக்குமோ என்று சந்தேகித்தால் என்ன செய்ய வேண்டும்? தூரத்து நகரத்தில் டாக்டர் யாரென்று விசாரித்து, நாள் குறித்து, அந்த நாளை மறவாமல் லீவு பெற்று, பழைய பள்ளிக்கூடக் காகிதங்களைத் தேடி எடுத்து, தாயாரையும் அழைத்துக்கொண்டு, சொன்ன நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இதை ஒரு முறையல்ல, மாதந்தோறும் செய்ய வேண்டும். திட்டமிடுவதும், தேதியை நினைவில் வைப்பதும், தொடங்கியதை முடிப்பதும் எவருக்கு இயலாதோ, அவரிடம் இத்தனையும் கேட்கிறோம். மாடிப்படி ஏறி வந்தால் ஊன்றுகோல் தருகிறேன் என்று முடவனிடம் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இங்கேதான் டெலிபோனும் இணையமும் உதவிக்கு வர வேண்டும். வரவும் முடியும். இது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தையல்ல. சென்னை ஸ்கார்ப் ஸ்தாபனத்தார் 2010-லேயே புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு பஸ்ஸை வைத்தியசாலையாக மாற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். நோயாளி பஸ்ஸில் உட்காருவார். டாக்டர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார். மருந்து பஸ்ஸிலேயே கிடைக்கும். 2020 மார்ச் 25-ந் தேதி தொலைவைத்திய வழிகாட்டு விதிகள் வெளியாயின. 2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய சர்க்கார் டெலி மானஸ் என்ற மனநல டெலிபோன் ஏற்பாட்டை ஆரம்பித்தார்கள். 14416 என்ற எண்ணை யாரும் எந்நேரமும் செலவின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவையானால் டாக்டரிடம் சேர்ப்பிப்பார். இதுவரை வந்த அழைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். இ-ஸஞ்சீவனி என்ற மற்றோர் ஏற்பாட்டின்படி, கிராம சுகாதார நிலையத்தில் ஊழியரின் பக்கத்தில் உட்கார்ந்தே நோயாளி தொலைவிலுள்ள டாக்டரைக் கண்டு பேசலாம். கருவிகள் இருக்கின்றன; ஆட்களும் ஓரளவு இருக்கிறார்கள்.

ஆனால் வாசல் வரையில் அழைத்து வந்து கதவைச் சாத்துவது போன்ற ஒரு விதி குறுக்கே நிற்கிறது. மெதில்பெனிடேட், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் சேர்ந்தது. 1985-ம் வருஷத்துப் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்திலும் இடம் பெற்றது. இவ்விரண்டில் எதில் சேர்ந்த மருந்தையும் தொலைவைத்தியத்தின் மூலம் எழுதித் தரலாகாது என்று 2020-ம் வருஷத்து விதிகள் முற்றிலும் தடுத்திருக்கின்றன. முதல் முறையில் மட்டுமல்ல. நேரில் பரிசோதித்து, வியாதியை நிச்சயித்து, ஒரு வருஷமாக அதே மருந்தை அதே அளவில் கொடுத்து வரும் டாக்டரும் பதின்மூன்றாவது மாதச் சீட்டைத் திரை வழியாகத் தர முடியாது. எக்ஸ் அட்டவணை மருந்தை விற்கக் கடைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்கு அஞ்சிப் பல கடைக்காரர்கள் அம்மருந்தை வாங்கி வைப்பதே இல்லை. சீட்டுக்கு ஒரு பிரயாணம், மருந்துக்கு ஒரு பிரயாணம் என்று ஏழை அலைய வேண்டியிருக்கிறது. "உனக்கு வியாதி இருக்கலாம்" என்று டெலிபோனில் சொல்ல நமக்கு அதிகாரம் உண்டு. "இதோ மருந்து" என்று சொல்ல அதிகாரமில்லை!

விதியை வகுத்தவர்கள் காரணமின்றி வகுத்தார்கள் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. இவை தவறாக உபயோகிக்கக் கூடிய மருந்துகளே. கதவை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். அங்கே இத்தகைய மருந்துகளைத் தருமுன் நேரில் பரிசோதிக்க வேண்டும் என்று 2008-ல் சட்டம் செய்திருந்தார்கள். 2020-ல் கொரோனா பரவியபோது அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். லாபத்தையே குறியாகக் கொண்ட கம்பெனிகள் உடனே புகுந்தன. 2024 ஜூன் மாதத்தில் அவற்றில் ஒன்றின் தலைவர்களை அந்நாட்டு நீதி இலாகா கைது செய்தது. தேவையைச் சரிவர ஆராயாமல் 4 கோடிக்கு மேற்பட்ட மாத்திரைகளைப் பரவச் செய்து 10 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கம்பெனியையே நம்பியிருந்த 30,000 முதல் 50,000 நோயாளிகள் வரை மருந்தின்றித் தவிக்க நேரலாம் என்று அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் அம்மாதமே எச்சரித்தார்கள். மருந்து வேண்டாதவனுக்கு மருந்து கிடைத்தது. வேண்டியவனுக்குக் கிடைத்ததும் ஒரு நாளில் போகும் நிலை வந்தது. வைத்தியத்தை வர்த்தகத்திடம் ஒப்படைத்ததன் பலன் இது.

ஆயினும் அமெரிக்கா கதவை அகலத் திறந்து அவதிப்பட்டதென்பது, நாம் அதை ஆணியடித்து மூடி வைப்பதற்குக் காரணமாகாது. திறந்த கதவுக்கும் மூடிய கதவுக்கும் நடுவே, காவலுள்ள கதவு என்று ஒன்று உண்டு. நமது யோசனைகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, வியாதியை நிச்சயிப்பது நேரில்தான் நடக்க வேண்டும். தைராய்டு கோளாறு, தூக்கமின்மை, மனச்சோர்வு, குடி ஆகிய பலவும் இதே வேஷத்தில் வரும். ஆனால் அதற்கு முந்திய வேலையில் பெரும்பகுதியை டெலிபோனிலேயே முடித்துவிடலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் 2005-ல் வெளிவந்த ஆறு கேள்விகள் கொண்ட சோதனை ஒன்று இருக்கிறது. அது தீர்ப்பல்ல; மேல் விசாரணை தேவையா என்பதை மட்டும் காட்டும். டெலி மானஸ் ஆலோசகர்கள் அதை நல்ல தமிழில் கேட்கவும், நோயாளியின் தாயாரையோ தமையனையோ டெலிபோனில் அழைத்துப் பால்யகால விவரங்களை எழுதிக்கொள்ளவும் பழக்கப்பட வேண்டும். நாள் குறித்துக் கொடுப்பதோடு நில்லாமல், முந்தின நாளும் அன்று காலையும் நினைவூட்டுவதும் அவர்கள் பொறுப்பாக வேண்டும். மறதியுள்ளவனுக்கு நினைவூட்டலே பாதி மருந்து.

இரண்டாவது, ஒவ்வொரு ஜில்லா தலைமை ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் ஒரு நாளாவது வயது வந்தவர்களின் கவனக் கோளாற்றுக்கென்று ஒதுக்க வேண்டும். இரண்டு மருந்துகளும் அங்கே செலவின்றிக் கிடைக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994 முதல் மருந்துகளை மொத்தமாக வாங்கி நல்ல பெயர் பெற்றிருக்கிறது. இந்தச் சிறு பொறுப்பு அதற்குப் பாரமாகாது.

மூன்றாவதும் முக்கியமானதுமான யோசனை, 2020-ம் வருஷத்து விதிகளின் திருத்தம். நேரில் பரிசோதித்து நிச்சயித்த நோயாளிக்கு, அதே டாக்டரோ அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டரோ தொடர் சீட்டைத் திரை வழியாகத் தர அனுமதிக்க வேண்டும். நிபந்தனைகள் இருக்கட்டும்: நோயாளி அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் உட்கார வேண்டும்; ஊழியர் நாடி, ரத்த அழுத்தம், எடை பார்த்து எழுத வேண்டும்; சீட்டு ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது; ஒருவர் இரண்டு இடத்தில் மருந்து வாங்காதபடி பொதுப் பதிவேடு வேண்டும். இன்றைய காகிதச் சீட்டின் இரட்டைப் பிரதியைவிட இப்பதிவேடு மோசடியைச் சீக்கிரத்தில் கண்டுபிடிக்கும். இதற்குப் பார்லிமெண்டில் புது மசோதா தேவையில்லை. தொலைவைத்தியத்தில் எழுதக்கூடிய மருந்துகளின் பட்டியலை மத்திய சர்க்காரைக் கலந்து காலத்துக்குக் காலம் அறிவிக்கலாம் என்பது அவ்விதிகளிலேயே கண்டிருக்கிறது. இரட்டைச் சீட்டு முறையை மின்சீட்டுக்கு ஏற்பத் திருத்துவதும் விதி செய்யும் அதிகாரத்தில் அடங்கியதே. மனமிருந்தால் சில மாதங்களில் முடியக்கூடிய காரியம்.

நான்காவது, ரகசியம். அமெரிக்காவில் மற்றோர் இணைய மனநலக் கம்பெனி ஏறக்குறைய 32 லட்சம் பேரின் அந்தரங்க விவரங்களை விளம்பர ஸ்தாபனங்களுக்குக் கிடைக்கச் செய்தது என்று 2024-ல் அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. மனோவியாதி என்ற சொல் தெரிந்தாலே உத்தியோகமும் கலியாணமும் தடைப்படும் நம் சமூகத்தில், இத்தகைய கசிவு ஒரு குடும்பத்தையே நாசமாக்கிவிடும். நமது 2017-ம் வருஷத்துச் சட்டத்தின் 24-வது பிரிவு, மின்முறையில் சேமித்த விவரங்களுக்கும் ரகசிய உரிமை உண்டென்று தெளிவாகச் சொல்கிறது. நல்ல பிரிவு, ஆனால் உறையில் கிடக்கும் வாள் யாரையும் காப்பதில்லை. பதிவேட்டை யார் பார்க்கலாம், யார் பார்க்கலாகாது என்பதை விதியாக எழுதி, மீறியவரைத் தண்டித்துக் காட்ட வேண்டும்.

இது நிற்க. "ஏழைக்குக் கைப்பேசி ஏது? இணையம் பணக்காரனுக்கே உதவும்" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபத்தில் உண்மை உண்டு. பல வீடுகளில் கைப்பேசி புருஷன் கையிலோ பிள்ளை கையிலோ இருக்கிறது. மனைவி தன் மனக் கஷ்டத்தை அதில் தனியே பேச முடியாது. அதனால்தான் நாம் கைப்பேசிச் செயலியை நம்பாமல் சுகாதார நிலையத்தை மையமாக வைக்கச் சொல்கிறோம். திரையும் ஊழியரும் தனியறையும் அங்கே இருந்தால், கைப்பேசி இல்லாத கூலிக்காரப் பெண்ணும் நகரத்து டாக்டரைக் காணலாம்.

செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவனத்தைப் பயிற்றும் விளையாட்டு ஒன்றை வயது வந்தவர்களுக்கும் விற்க அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024-ல் அனுமதித்தது. இவை துணையாகலாம்; வைத்தியமாகா. வியாதியைப் பற்றி இணையத்தில் உலாவும் பேச்சுக்களையும் அப்படியே நம்பலாகாது. டிக்டாக்கில் இதைப் பற்றிப் பிரபலமான 100 காட்சிகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டவர்கள், அவற்றில் 52 தவறான எண்ணத்தைத் தருபவை என்று கண்டார்கள். பொய்யை வெல்ல வழி தடையுத்தரவல்ல. அதைவிட எளிதில் கிடைக்கும் மெய்யே வழி. நமது பாஷையில், நமது வாழ்க்கையிலிருந்து எடுத்த உதாரணங்களோடு, வைத்தியக் கலாசாலைகள் சோதித்து ஒப்புக்கொண்ட கேள்விகளையும் விளக்கங்களையும் சர்க்காரே வெளியிட வேண்டும். கலிபோர்னியா குமாஸ்தாவுக்கென்று எழுதிய கேள்வியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து உசிலம்பட்டி விவசாயியிடம் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? சுயராஜ்யம் என்பது கொடியோடும் சட்டசபையோடும் முடிவதல்ல. தன் பிரஜையின் மனத்தைத் தன் பாஷையில் விசாரிக்கத் தெரியாத தேசம், அவ்விஷயத்தில் இன்னும் அந்நியரின் தயவில்தான் இருக்கிறது.

மத்திய சுகாதார மந்திரியும் தேசிய மருத்துவக் கமிஷனும் மேற்கண்ட விதியைத் திருத்துவதைத் தாமதிக்கலாகாது. ராஜ்ய சர்க்கார் அதற்காகக் காத்திராமல், தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட ஜில்லா சிகிச்சையையும் மருந்து விநியோகத்தையும் உடனே துவக்க வேண்டும். நமது பிரதிநிதிகள் இதைச் சட்டசபையில் கேள்வியாக எழுப்ப வேண்டும். வாசகர்களும் தம் வீட்டிலோ கச்சேரியிலோ மறதிக்காரன் என்றும் உதவாக்கரை என்றும் பெயரெடுத்த ஒருவரை இன்னொரு முறை ஏசுமுன், 14416 என்ற எண்ணை அவருக்கு எழுதிக் கொடுத்து, பக்கத்திலிருந்து அழைக்கச் செய்வார்களாக. கவனக் குறைவு என்ற வியாதி ஜனங்களில் சிலருக்கு உண்டு. அதற்கு மருந்தும் உண்டு. அவர்களைப் பற்றி ஆட்சியாளருக்கு இருக்கும் கவனக் குறைவுக்கோ, விழிப்புள்ள பொதுஜன அபிப்பிராயம் ஒன்றே மருந்து.